வளாகத்துச் சிற்பம் பேசுமா? மாணவர்கள் உருவாக்கும் ஆடியோ டூர்

தினமும் ஒரு சிற்பத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறீர்கள். அதன் பெயர் என்ன?

தெரியவில்லையா? பரவாயில்லை, பெரும்பாலோருக்குத் தெரியாது. "அந்த உருண்டையா ஒண்ணு இருக்குமே, அதுக்குப் பக்கத்துல நில்லு, வந்துடறேன்." நண்பர்களுக்கு இடம் சொல்லத்தான் அது உதவுகிறது. கீழே ஒரு சின்னப் பலகை இருக்கும். கலைஞர் பெயர், ஆண்டு, எதனால் செய்தது என மூன்றே வரி. குனிந்து அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பலகையால் செய்ய முடியாததைச் செய்யும் வேலையைத்தான் பல பல்கலைக்கழகங்கள் இப்போது மாணவர்களிடம் விடுகின்றன. பலகையில் ஒரு கியூஆர் குறியீடு. கைத்தொலைபேசியில் ஸ்கேன் செய்து, இயர்போனைக் காதில் மாட்டினால் ஒரு குரல் பேசும். அது பேராசிரியரின் குரலோ தொழில்முறை அறிவிப்பாளரின் குரலோ அல்ல. உங்களைப்போல் அதே வழியில் நடந்து, அதே உணவுக்கடையில் வரிசையில் நிற்கும் ஒரு மாணவரின் குரல்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் சிக்கல் தெரியும்.

எங்கிருந்து வந்தது?

அரும்பொருளகங்களில் ஒலி வழிகாட்டி புதிதல்ல. 1952-ல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அரும்பொருளகம் சிற்றலை வானொலி மூலம் பார்வையாளர்களின் காதுக்கு விளக்கம் அனுப்பியது. அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். ஆகவே எல்லாரும் கூட்டமாக ஒரே ஓவியத்தின் முன் போய் நிற்பார்கள். பிறகு கேசட், அதன் பிறகு கழுத்தில் தொங்கும் கருவி, இப்போது உங்கள் கைத்தொலைபேசி.

இன்னொரு மரபும் உண்டு. கனடியக் கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991-ல் பான்ஃப் கலை மையத்தில் முதல் ஒலி நடையை உருவாக்கினார். காதில் கேட்கும் குரலோடு சேர்ந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே ஒலிதான் கலைப்படைப்பு. 'இதைப் பாருங்கள், இது இந்த ஆண்டில் செய்தது' என்று விளக்குவதற்கும், 'என்னோடு நடங்கள்' என்று கூட்டிப்போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடமிருந்து பலர் கற்றுக்கொண்டார்கள். நல்ல மாணவர் டூர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

இரண்டு நிமிடத்தில் எதைச் சொல்வது?

ஒரு நிறுத்தத்துக்கு வழக்கமாக இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் யாரும் நின்று கேட்க மாட்டார்கள், அதுவும் நம் ஊர் வெயிலில். ஆகவே எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் பெரிய கேள்வி.

சிகாகோ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லிஸ் அவென்யூவில், நூலகத்துக்கு அருகில், சுமார் 12 அடி உயர வெண்கலச் சிற்பம் ஒன்று நிற்கிறது. ஹென்றி மூர் என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்தது. பெயர் 'அணுசக்தி'. மேலே வழவழப்பான உருண்டை. கீழே தூண்களும் வளைவுகளும் திறப்புகளும். ஒரு பக்கம் நின்று பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் தலைக்கவசம், சற்று தள்ளி நின்றால் அணுகுண்டுப் புகையின் காளான் வடிவம்.

அது நிற்கும் இடத்தில் முன்பு பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் இருந்தது. பார்வையாளர் மேடைக்கு அடியில், ஸ்குவாஷ் ஆடும் இடத்தில், 1942 டிசம்பர் 2-ஆம் தேதி என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகில் முதன்முறையாக, மனிதர் கட்டுப்படுத்திய, தானே தொடரும் அணுக்கரு வினையை நடத்திக் காட்டியது. அதன் 25-ஆம் ஆண்டு நிறைவு நாளில், 1967 டிசம்பர் 2-ஆம் தேதி பிற்பகல் 3.36 மணிக்கு, சிற்பம் திறந்துவைக்கப்பட்டது.

இப்போது நீங்கள்தான் அந்த டூரை எழுத வேண்டும். முதல் வாக்கியம் என்ன?

'உலக அறிவியலை மாற்றிய இடத்தில் நிற்கிறீர்கள்' என்று தொடங்கலாம். தவறில்லை. பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சோதனை அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தின் ஒரு பகுதி. மூர் முதலில் செய்த சிறிய மாதிரிக்கு 'அணுத் துண்டு' என்று பெயர். அந்த வடிவத்தின் வெண்கல வார்ப்பு ஒன்று இன்று ஹிரோஷிமா நகரின் தற்காலக் கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஒரே வடிவம், குண்டுக்கு வழிவகுத்த சோதனை நடந்த ஊரில் ஒன்று, குண்டு விழுந்த ஊரில் ஒன்று.

ஹிரோஷிமாவைச் சொல்லாமல் அந்த இரண்டு நிமிடத்தை முடிக்கலாமா? முடிக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அது டூர் இல்லை, விளம்பரம். அதே நேரத்தில் ஹிரோஷிமாவை மட்டும் பேசி, எதிரே இருக்கும் உருவத்தைப் பார்க்கவே விடாமல் செய்தால் அது வரலாற்று வகுப்பு. கேட்பவர் யூடியூபில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொள்ளலாமே, எதற்கு அங்கே நிற்க வேண்டும்?

இங்கேதான் 'சுற்றி நடங்கள்' என்ற இரண்டு சொற்கள் கைகொடுக்கின்றன. 'இப்போது எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து இடப்பக்கமாக மெல்ல நடங்கள். உருண்டை எந்த இடத்தில் உங்களுக்கு மண்டை ஓடாகத் தெரிகிறது?' என்று கேட்டுவிட்டு, ஐந்து விநாடி சும்மா இருந்தால் போதும். மேலே வழவழப்பாக, நம்பிக்கையாக இருப்பதும், கீழே குடைந்து கிடப்பதும் ஒரே பொருள்தான் என்பதைக் கேட்பவரே கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு ஹிரோஷிமா என்ற பெயரை ஒரு தடவை சொன்னால் போதும்.

மௌனமும் ஸ்கிரிப்டில் உண்டு

சும்மா இருப்பது என்று சொன்னேன் அல்லவா? புதிதாக எழுதுபவர்களுக்கு அதுதான் வராது. இரண்டு நிமிடம் கிடைத்தால் இரண்டு நிமிடமும் பேசிவிடுவார்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 'மரங்கள்' என்று ஒரு படைப்பு இருக்கிறது. 1986-ல் டெரி ஆலன் செய்தது. தைல மரங்கள் மூன்றின் மேல் ஈயத் தகடு போர்த்தி நிறுத்தியிருக்கிறார். ஒரு மரத்திலிருந்து பாட்டு வரும். இன்னொன்றிலிருந்து கவிதையும் கதையும். மூன்றாவது மரம் வாயே திறக்காது. உண்மையான மரங்களுக்கு நடுவே இவை நிற்பதால், தெரியாதவர் திடீரென்று மரம் பாடுவதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். அங்கே போய் உங்கள் குரல் காதில் தொணதொணவென்று பேசினால் எப்படி இருக்கும்? அந்த நிறுத்தத்துக்குச் சரியான ஸ்கிரிப்ட் ஒரே வரிதான்: 'இயர்போனைக் கழற்றுங்கள்.'

அதே வளாகத்தில் கொரியக் கலைஞர் டோ ஹோ சூவின் 'விழுந்த நட்சத்திரம்' இருக்கிறது, 2012-ல் வந்தது. பொறியியல் கட்டடத்தின் ஏழாவது மாடி விளிம்பில் ஒரு குட்டி வீடு, எங்கிருந்தோ பறந்து வந்து மோதி நின்றதுபோல் சாய்ந்து தொங்கும். உள்ளே போகலாம். தரை ஒரு கோணம், சுவர் இன்னொரு கோணம், தலை சுற்றும். சொந்த ஊரை விட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர் அவர். வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர், அதைப் பற்றிப் பேராசிரியர் எழுதும் அளவுக்கு எழுத முடியாமல் போகலாம். ஆனால் 'உள்ளே நின்றால் எங்கே காலூன்றுவது என்று தெரியாது' என்று அவர் தன் குரலில் சொல்லும்போது நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். மாணவர் செய்யும் டூருக்கு மதிப்பு அங்கேதான்.

சரி, நம் ஊரில்?

சிங்கப்பூர்ச் சிற்பக் கலையின் தாத்தா என்று அழைக்கப்படுபவர் இங் எங் டெங். 1934-ல் பிறந்தார், 1981-ல் கலாசாரப் பதக்கம் பெற்றார், 2001-ல் மறைந்தார். தம் படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரும்பொருளகத்துக்கே கொடுத்துவிட்டார். வெண்கலத்துக்கு ஆகும் செலவு அதிகம் என்பதால் பல சிற்பங்களைச் சீக்கிரம் இறுகும் ஒருவகை சிமென்டில் செய்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய இரு பெரிய சிற்பங்களின் பெயர்கள் 'செல்வம்', 'மனநிறைவு'. இரண்டும் 1974-ல் செய்தவை. முதலில் அவை கென்ட் ரிஜ்ஜில் இல்லை. டிபிஎஸ் வங்கி கேட்டுச் செய்யப்பட்டு, ஆர்ச்சர்ட் ரோட்டில் பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதிக்கு முன்னால் நின்றன. உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது அங்கே அவற்றைப் பார்த்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஒரு வங்கி, ஒரு கடைத்தொகுதி, வாசலில் செல்வமும் மனநிறைவும். பையை நிறைத்துக்கொண்டு வெளியே வருபவர் அந்த இரண்டையும் தாண்டிப் போக வேண்டும். இப்போது அவை பட்டம் வாங்கி வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள் நடக்கும் இடத்தில் நிற்கின்றன. இடம் மாறியதும் அர்த்தம் மாறிவிட்டதா? இதை அங்கே படிக்கும் மாணவர்தான் கேட்க முடியும். பலகையில் எழுத இடம் இல்லை.

இடம் மாறினாலும் அவை பிழைத்தன. எல்லாச் சிற்பத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மலேசியாவின் தேசியக் கலைஞர் சையத் அகமது ஜமால் 1986-ல் கோலாலம்பூரில் அமைத்த 'புஞ்சாக் பூர்ணாமா'வை, பழுதடைந்த நிலையில், 2016-ல் மாநகர் மன்றம் இடித்துத் தள்ளியது. கலைஞர்கள் கொதித்துப்போனார்கள், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு ஆடியோ டூர் இருந்திருந்தால் அது தப்பியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்ன, யாருடையது, ஏன் இங்கே என்று யாருக்குமே தெரியாத பொருளை அகற்றுவது சுலபம். கதை தெரிந்த பொருள் என்றால் நாலு பேராவது முன்கூட்டியே கேள்வி கேட்பார்கள்.

தமிழில் செய்தால்?

ஆங்கிலத்தில் செய்வது நமக்குச் சுலபம். கட்டுரை எழுதிப் பழகிய மொழி. தமிழில் என்றதும், 'என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காதே' என்ற தயக்கம் வரும்.

அந்தத் தயக்கத்துக்குப் பாதிக் காரணம், தமிழில் ஒலிவாங்கி முன் நின்றாலே செய்தி வாசிக்க வேண்டும் என்ற நினைப்பு. இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்:

'இச்சிற்பம் 1974-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டு, பின்னர் இவ்வளாகத்திற்கு இடமாற்றம் செய்யப்பட்டது.'

இப்போது இது:

'இத செஞ்சது 1974-ல. ஆனா இங்க இல்ல. பிளாசா சிங்கப்பூரா இருக்குல்ல, அதுக்கு முன்னாடிதான் முதல்ல நின்னுச்சு.'

இரண்டும் ஒரே தகவல். நடந்துகொண்டே கேட்பவருக்கு இரண்டாவதுதான் காதில் நிற்கும். முதலாவதைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பள்ளியில் நீங்கள் வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகிய தமிழே இதற்குப் போதும்.

அடுத்த சிக்கல் சொற்கள். 'சிற்பம்' என்றால் நமக்குக் கோவில் தூண் நினைவுக்கு வரும். 'சிலை' என்றால் தலைவர்களும் தெய்வங்களும். மூரின் உருண்டை இரண்டுமில்லை. சிலர் 'நவீன அரூபச் சிற்பம்' என்று கனமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில், 'இது யாரோட உருவமும் இல்ல' என்று சொல்லிவிட்டு வடிவத்தை விவரித்தால் வேலை முடிந்தது.

இன்னொரு பக்கம், தமிழில் நமக்குத் தயாராக இருக்கும் சொற்களும் உண்டு. வெண்கலத்தின் மேல் மழையும் காற்றும் பட்டுப் படியும் பச்சை நிறத்துக்குக் 'களிம்பு' என்று பெயர். பாட்டி வீட்டுச் செம்பைத் தேய்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்வது 'வார்ப்பு'. அது தோசை வார்ப்பதற்கும் உள்ள அதே சொல். இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள்.

மீண்டும் அந்த இரட்டைச் சிற்பங்களுக்கு வருவோம். 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்ற பழமொழி வீட்டில் காதில் விழுந்திருக்கும். மனநிறைவும் பொன்னும் ஒரே வரியில். இங் எங் டெங் அந்தப் பழமொழியை நினைத்துச் செய்தார் என்று சொல்லிவிடக் கூடாது, அது பொய். ஆனால் தமிழ் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்த இரண்டு பெயர்களையும் பார்த்ததும் அது மனத்தில் வருமானால், 'எனக்கு இது ஞாபகம் வந்துச்சு' என்று சொல்வது நேர்மையான விளக்கம். ஆங்கில டூரை அப்படியே மொழிபெயர்த்தால் இது கிடைக்காது. தமிழில் தனியாக எழுதினால்தான் கிடைக்கும்.

நேரக் கணக்கும் மாறும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் பேசலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆங்கில ஸ்கிரிப்டை வைத்துத் தமிழுக்கு நேரம் போட்டால் மூச்சு வாங்கும்.

கண்ணால் பார்க்க முடியாதவர்களுக்கு

'எதிரே தெரிகிறதே, அழகாக இல்லையா?' என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர் கேட்டால் அந்த வரியில் ஒன்றுமே இல்லை. பார்வை உள்ளவருக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் அளவு: 'இரண்டு ஆள் உயரம்'. பிறகு பொருள், நிறம், நிற்கும் விதம். கடைசியில்தான் அர்த்தம். தொட அனுமதி உண்டா என்று பொறுப்பாளரிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். மதிய நேரத்தில் உலோகம் சுடும், அதையும் சொல்லுங்கள். காது கேளாதவர்களுக்காக முழு ஸ்கிரிப்டையும் எழுத்தில் அதே பக்கத்தில் போட வேண்டும். எப்படியும் எழுதித்தானே வைத்திருக்கிறீர்கள்.

பதிவு செய்யும்போது

ஸ்டூடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் பேசினாலே எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். காலையில் என்றால் குயிலிடமிருந்து தப்பிக்க முடியாது. நம் ஊர்க் குயிலுக்கு இடைவேளை என்பதே கிடையாது. ஆனால் சிற்பத்தின் அருகில் பதிவு செய்த குயிலை ஒரு விநாடி பின்னணியில் விட்டால் தப்பில்லை, கேட்பவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பார்.

'ரஹ்மான் பாட்டைப் பின்னணியில் போடலாமா?' எல்லாக் குழுவிலும் யாராவது இதைக் கேட்பார்கள். அனுமதி வாங்காமல் போட முடியாது. வாத்தியம் வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் சொந்தமாக இருபது விநாடி வாசித்துக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

தகவல்களை ஒருவர் சரிபார்க்க வேண்டும், அது எழுதியவராக இருக்கக் கூடாது. அரும்பொருளக ஊழியர்கள் வழக்கமாக உதவுவார்கள். ஆண்டு, பெயர் உச்சரிப்பு, யார் பணம் கொடுத்தார்கள் என்ற மூன்றில்தான் தவறு அதிகம் வரும்.

கடைசிச் சோதனைக்கு, அந்தச் சிற்பத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு நண்பரைப் பிடியுங்கள். இயர்போனைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நீங்கள் தூரத்தில் நின்று அவர் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். எந்த வரியில் அவர் கைத்தொலைபேசித் திரைக்குத் திரும்புகிறாரோ அந்த வரியை வெட்டுங்கள். 'பேருந்து நிறுத்தத்துக்கு வலப்பக்கம்' என்று வழி சொல்லியிருந்தால், ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் போய்ப் பாருங்கள். நம் வளாகங்களில் சிற்பம் நகராவிட்டாலும் பேருந்து நிறுத்தம் நகர்ந்துவிடும்.